பதினாறு நாள் மவுஸ் ஆட்டிய கதை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை மூன்று நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க பாஸ்வேர்டு வேண்டும். அந்தப் பூட்டை என் மனைவி திருடனுக்காகப் போடவில்லை. எனக்காகப் போட்டாள்.

அவள் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிறேன். வருகிறவர் போகிறவரையெல்லாம் வம்புக்கு இழுப்பதுதான் என் முழுநேரத் தொழில். இடையில் கொஞ்சம் உரமும் விற்பேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. அவளுக்குப் பள்ளிக்கூடம் முழுக்க இருந்தார்கள். எனக்கு விளையாட அவள் இருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம் அவள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதென்று உள்ளே ஓடினாள். நான் உட்கார்ந்தேன். ‘நாளை காலை வழிபாட்டில் கடவுள் வாழ்த்தை நானே தனியாகப் பாட விரும்புகிறேன். நெடுநாள் ஆசை. அனுமதிக்க வேண்டுகிறேன்’ என்று அவள் பேரில் தட்டி அனுப்பிவிட்டேன். பால் இறங்குவதற்குள் தலைமையாசிரியையிடமிருந்து பதில் வந்துவிட்டது: ‘மிக்க மகிழ்ச்சி டீச்சர்.’ என் மனைவிக்குப் பாட வராது. வராது என்றால், அவள் குளியலறையில் முணுமுணுத்தால் எதிர்வீட்டு நாய் எழுந்து நிற்கும். ஆனால் ஒப்புக்கொண்டதை மாற்றிப் பேசுகிற வழக்கம் அவளிடம் இல்லை. மறுநாள் முந்நூறு பிள்ளைகள் முன்னால் நின்று முழுப்பாட்டையும் பாடிவிட்டு வந்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போட்டாள்.

“மூணு நிமிஷம்தான் கணக்கு. அதுக்கு மேல உங்களை நம்ப முடியாதுங்க” என்றாள்.

பாஸ்வேர்டு என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அதில் என்ன பெருமை இருக்கிறது? கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன். “கண்டுபிடிங்களேன்” என்று சிரித்தாள். அவள் தட்டும்போது பின்னால் போய் நிற்பேன். முந்தானையை விரித்து விசைப்பலகையை மூடிக்கொள்வாள். நானாக ஏதாவது தட்டிப் பார்க்கவும் பயம். மூன்று தடவை தப்பாகப் போட்டால் ஏடிஎம் கார்டு மாதிரி மொத்தமாக முடங்கிவிடும் என்பது என் நம்பிக்கை. “அப்படித்தானே டீச்சர்?” என்று ஒருமுறை கேட்டேன். “அப்படியே வச்சுக்குங்க” என்றாள். வீட்டில் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். முதலில் கிண்டலாக ஆரம்பித்தது. பிறகு வேறு பேர் வாயில் வரவில்லை.

பூட்டு எனக்காக இருந்தாலும் அவதி அவளுக்குத்தான். பாஸ்வேர்டு நீளம் போலிருக்கிறது. சோறு வடிக்க எழுந்து போய்த் திரும்புவதற்குள் பூட்டிக்கொள்ளும். மறுபடி முழுவதையும் தட்ட வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. என் அக்கா எங்களோடுதான் இருக்கிறாள். மாமா இறந்த பிறகு வந்தவள். என் மனைவி அடுப்படியிலிருந்து, “அண்ணி, ஆட்டுங்க!” என்று குரல் கொடுப்பாள். அக்கா ஆய்ந்துகொண்டிருக்கும் கீரையை அப்படியே வைத்துவிட்டு வந்து, இரண்டு விரலால் மவுஸைப் பிடித்து, தொட்டிலை ஆட்டுவது போல இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். ஆட்டினால் பூட்டிக்கொள்ளாது. கம்ப்யூட்டரைப் பற்றி அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அதை அவளைவிடச் சிரத்தையாகச் செய்ய உலகத்தில் ஆள் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காலாண்டுக்கு முன்னால் பிள்ளைகளுக்கு வைக்கும் மாதிரித் தேர்வுக்கு அவள் கேள்வித்தாள் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சம்பா நடவு நேரம். மறுநாள் கடைக்கு டிஏபி உரம் வந்துவிடுமா என்று யோசனை.

“என்னங்க, ஒரு மாதிரியா இருக்கு” என்றாள்.

“உன் கேள்வித்தாளப் பாத்தா யாருக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கும் டீச்சர்” என்றேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னேன்.

அவள் சிரித்தாள். அதை நான் காதால் கேட்டேன். சிரித்த பிறகு, “இல்லங்க, நெஜமாவே” என்றாள். நிமிர்ந்து பார்த்தால் நெற்றியெல்லாம் வியர்வை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவளுக்கு ரவிக்கை நனைந்திருக்கிறது.

தெருமுனை வாடகைக் காரைக் கூப்பிட்டேன். அவள் தன் காலாலேயே நடந்து போய் ஏறினாள். ஏறும்போது திரும்பி அக்காவைப் பார்த்து, “அண்ணி, ஆட்டிக்கிட்டிருங்க. வந்து மிச்சத்த முடிச்சிடறேன்” என்றாள். தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் என் தோளில் தலையைச் சாய்த்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவர்கள் அரைமணி நேரம் பாடுபட்டார்கள். பிறகு ஒரு நர்ஸம்மா அவளுடைய தாலி, வளையல், கைக்கடிகாரம் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். நான் அந்த நர்ஸம்மாவிடம், “பத்திரமா வச்சுக்கிறேன், வந்து கேப்பாங்க” என்றேன். வாய்ப் பழக்கம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தெரு முழுக்கக் கூட்டம். அழுகைச் சத்தம். நான் கூடத்துக்குள் நுழைகிறேன், மூலையில் கம்ப்யூட்டர் மேசை முன்னால் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். இடது கையால் தலையில் அடித்துக்கொண்டு கதறுகிறாள். வலது கை மவுஸை ஆட்டிக்கொண்டிருக்கிறது. காலை ஒன்பது மணியிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். சேதி வந்த பிறகும்.

திரையைப் பார்த்தேன். அவள் விட்டுப்போன பக்கம் அப்படியே இருந்தது. பத்துக் கணக்குகள் முடிந்திருந்தன. பதினோராவது இப்படி நின்றது:

‘ஒருவர் பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்கிறார். அவர் மனைவி அவருக்கு அரைமணி நேரம் முன்பே புறப்பட்டு’

அவ்வளவுதான். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த எழுத்து எங்கே விழ வேண்டும் என்று காட்டுமே, அந்தக் கோடு. விட்டு விட்டு, விட்டு விட்டு. அடுப்பைப் பார்த்துவிட்டு இதோ வந்துவிடுவாள் என்பது போல.

போட்டோ எடுத்துக்கொண்டால் போயிற்று என்பீர்கள். நான் அவ்வளவு முட்டாள் இல்லை. அன்றைக்கே போனில் எடுத்தேன். போட்டோவில் அந்தக் கோடு மினுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் துரதிர்ஷ்டம், அது அணைந்திருந்த நொடியில் எடுத்திருக்கிறேன். போட்டோவில் கோடே இல்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் அக்காவிடம் சொன்னேன்: “பூட்டிக்க விட்டுடாதக்கா. எனக்கு அத தொறக்கத் தெரியாது.”

“நீ போடா. எங்கிட்டதான ஒப்படைச்சிட்டுப் போனா, எனக்குத் தெரியாதா?” என்றாள்.

கூடத்தில் அவள் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றியாயிற்று. எங்கள் பக்கத்தில் கருமாதி வரைக்கும், பதினாறு நாளும், அந்த விளக்கு அணையக் கூடாது. எண்ணெய் விடுவதும் திரி தூண்டுவதும் அக்கா பொறுப்பு. விளக்குக்கு நான்கடி தள்ளிக் கம்ப்யூட்டர். எண்ணெய் விடுவாள், வந்து மவுஸை ஆட்டுவாள். திரியைத் தூண்டுவாள், வந்து ஆட்டுவாள். துக்கம் கேட்க வந்த பெண்களுக்கும் வேலை பிரித்துக் கொடுத்தாள். “ஏம்மா, நான் ஒரு வாய் சாப்பிட்டு வர்றேன், நீ செத்த இத ஆட்டு.” வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும்போது மடைக்கு மடை ஆள் நிற்குமே, அப்படி எங்கள் கூடத்தில் ஆள் நின்றது. வந்தவர்களில் ஒருத்தரும் எதற்கு என்று கேட்கவில்லை. இந்த வீட்டில் டீச்சருக்கு இப்படி ஒரு சடங்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா ஆட்டிவிட்டு மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நானே பார்த்தேன்.

ராத்திரிகளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மறுநாள் காலை கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரருக்குப் போன் போட்டேன். ராத்திரி முழுக்க நானும் அக்காவும் மாறி மாறி ஆட்டியிருந்தோம். ரிப்பேர்க்காரர் என் வயதுக்காரர். ஒரு காலத்தில் டிவி ரிப்பேர் பார்த்தவர், இன்னும் எல்லாவற்றையும் பெட்டி என்றுதான் சொல்வார்.

“சார், கேள்விப்பட்டேன். மனசு ஆறல” என்றார்.

“எனக்கு ஆறி ஒண்ணும் ஆகப்போறதில்ல. பெட்டி பூட்டிக்காம இருக்க என்ன வழி, அதச் சொல்லுங்க.”

“செட்டிங்ஸ் போங்க சார். ஸ்கிரீன் எத்தனை நிமிஷத்துல அணையணும்னு கேக்கும். ‘நெவர்’னு வச்சுடுங்க.”

“அதுக்குப் பாஸ்வேர்டு கேக்குமா?”

“கேக்காது சார்.”

“கேட்டுச்சுன்னா?”

“கேக்காது சார்.”

அவர் சொன்னபடியே மாற்றினேன். கேட்கவில்லை. உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது. அக்காவிடம், “இனிமே ஆட்ட வேணாங்கா. நான் சரிபண்ணிட்டேன்” என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். நான் ஒரு டம்ளர் காப்பியோடு சாய்ந்து உட்கார்ந்தேன். மூன்று நிமிடம். திரையில் கலர் கலராகக் குமிழ்கள் மிதக்க ஆரம்பித்தன.

காப்பி எங்கே போனதென்று தெரியாது. பாய்ந்து மவுஸை ஆட்டினேன். நல்லகாலம், குமிழ் வந்த உடனே ஆட்டினால் ஒரு சில நொடிக்கு மன்னிப்பு உண்டாம். பக்கம் திரும்பி வந்துவிட்டது. கோடு மினுக்கியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேட்டியெல்லாம் காப்பி.

“சரிபண்ணிட்டியாடா?” என்று கேட்டாள் அக்கா. அந்தத் துக்கத்திலும் அவள் வாய் ஓரத்தில் ஒரு கோணல் இருந்தது.

மறுபடி போன். “அதுவா சார், திரை அணையறது வேற, பூட்டிக்கிறது வேற. டீச்சர் குமிழி வந்தா பூட்டுற மாதிரி வச்சிருக்காங்க. அது இன்னொரு எடத்துல இருக்கும். நேர்ல வந்தா ரெண்டு நிமிஷ வேலை. ஆனா கருமாதிக்கு முன்னாடி துக்க வீட்டுல வந்து தொழில் பாத்தா நல்லா இருக்காது. முடியட்டும், மறுநாளே வர்றேன்.” அந்த இன்னொரு இடத்தை அவர் போனிலேயே வழி சொல்லத் தயாராகத்தான் இருந்தார். எனக்குத்தான் தைரியம் இல்லை. ஒரு தடவை தொட்டதற்கே குமிழி விட்டுப் பயமுறுத்திய மிஷின். இன்னொரு தடவை தொட்டால் என்ன செய்யுமோ? சரி, அந்தப் பக்கத்தையாவது சேவ் பண்ணி வையுங்கள் என்றார். பண்ணினால் பேர் கேட்கும் என்றார். என்ன பேர் வைப்பது? அவள் முடிக்காத கணக்கை நான் எந்தப் பேரில் முடித்து மூடி வைப்பது? அப்புறம் என் கை நடுக்கத்தில் அவள் வரியில் என் எழுத்து ஒன்று விழுந்துவிட்டால்? வேண்டாம் என்றுவிட்டேன்.

போனை வைக்குமுன் அவர் ஒரு யோசனை சொன்னார். “வீட்டுல முள்ளு வாட்ச் இருக்கா சார்? அத மவுஸுக்கு அடியில வச்சுடுங்க. நொடி முள்ளு ஓடறத ஏதோ ஆட்டறாங்கன்னு நெனச்சுக்கும். பெட்டிக்கு அவ்வளவு வெவரம் பத்தாது.”

வீட்டில் முள் வைத்த கைக்கடிகாரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அவளுடையது. ஆஸ்பத்திரி உறையைப் பிரித்து அதை எடுத்தேன். தோல்பட்டையில் இன்னும் சாக்பீஸ் தூள் இருந்தது. மேசையில் வைத்து மேலே மவுஸை வைத்தேன். திரையில் அம்புக்குறி லேசாக, நொடிக்கு ஒரு தரம், துடித்தது.

அன்றிலிருந்து ராத்திரி முறை அவள் கடிகாரத்துக்கு, பகல் முறை அக்காவுக்கு. “அது பாட்டுக்கு நின்னுட்டுதுன்னா யாரு பாக்கறது?” என்று பகலில் அக்கா கடிகாரத்தை நம்ப மறுத்துவிட்டாள்.

இப்படியே நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று.

கம்ப்யூட்டருக்கு அடியில் பேட்டரிப் பெட்டி ஒன்று இருந்தது. கரண்ட் போனால் பத்து நிமிடம் தாங்கும் என்று வாங்கும்போது சொன்னார்கள். வாங்கி எத்தனை வருஷமாயிற்று என்று தெரியாது. அது ‘பீப்’ என்றது. நான் எழுந்தேன். ‘பீப்’ என்றது. சட்டை போடாமல், செருப்பு போடாமல், ஐந்து நாள் தாடியோடு தெருவில் ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று முதலில் தெரியவில்லை. தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஏணி சாத்தியிருந்தது. மேலே லைன்மேன்.

“அண்ணே! கரண்டப் போடுங்கண்ணே!”

“தென்னமட்டை விழுந்துருக்கு சார். இருங்க, எடுத்துட்டுப் போடறேன்.”

“இருக்க முடியாதுண்ணே. வீட்டுல உயிர் போயிட்டிருக்குண்ணே!”

அவர் மேலிருந்து என்னைப் பார்த்தார். அடக்கத்துக்கு வந்தவர் அவர். பந்தலுக்கு விளக்கு இழுத்துக் கொடுத்ததே அவர்தான். குரலைத் தாழ்த்தி, குழந்தையிடம் பேசுவது போல, “சார், டீச்சர் போயி அஞ்சு நாளாச்சே சார்” என்றார்.

“தெரியும்ணே” என்றேன். “அவங்க இல்ல. இது வேற.”

அவர் அவசரமாக மட்டையை இழுத்துக் கீழே தள்ளினார். இறங்கி வந்து கரண்டைப் போட்டார். நான் திரும்பி ஓடினேன். பின்னால் அவர் யாரிடமோ, “பாவம், மனுசன் பேதலிச்சுப் போயிட்டாரு. கடைக்காரரு எப்பிடி இருந்த ஆளு” என்று சொன்னது காதில் விழுந்தது. வீட்டில் அக்கா மவுஸை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கம் இருந்தது. கோடு மினுக்கியது. அக்கா என் காலைப் பார்த்து, “முள்ளு குத்திருக்கு பாரு, ரத்தம்” என்றாள். அப்போதுதான் வலித்தது.

சாயங்காலங்களில் நான் அந்தப் பதினோராவது கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் இருபத்தைந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதில் போனால் முப்பத்தேழரை நிமிடம். மனைவி அரைமணி நேரம் முன்பே புறப்பட்டாள். சரி. என்ன வேகத்தில்? அது இல்லாமல் அவளை எங்கே பிடிப்பது? பிடிக்க முடியுமா என்றுகூடச் சொல்ல முடியாது. பஸ்ஸிலா, ஸ்கூட்டியிலா? அவள் ஸ்கூட்டியில் முப்பதைத் தாண்ட மாட்டாள். அப்படிப் பார்த்தால் நான் தஞ்சாவூர் போய்ச் சேரும்போது அவள் எனக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருப்பாள். துக்கம் கேட்க வந்த அவளுடைய பள்ளிக்கூட டீச்சர் ஒருவரிடம் கேட்டேன். “தகவல் பத்தாதுங்க” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டார். பேப்பரிலிருந்து தலையை எடுத்திருந்தால் ஒரு ஐந்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டிருப்போம் என்பதையும் நான் கணக்கில் சேர்த்துப் பார்ப்பேன். அதற்கு மட்டும் தகவல் பத்தும்.

பதினாறாம் நாள் காலையில் கருமாதிக்கு ஆற்றங்கரைக்குப் போனோம். குடமுருட்டியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. முழுகி எழுந்தேன், தாடியை எடுத்தார்கள், பிண்டத்தைத் தண்ணீரில் விட்டேன். நாளைக்கு ரிப்பேர்க்காரர் வந்துவிடுவார், இரண்டு நிமிட வேலை, அதன்பிறகு அது பூட்டிக்கொள்ளவே செய்யாது என்று ஒரு நினைப்பு இருந்தது. சொல்லக் கூசுகிறது, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்தேன். கூடம் கழுவிவிட்டிருந்தார்கள். விளக்கு இருந்த இடத்தில் ஈரம். விளக்கைத் தேய்த்துக் கவிழ்த்திருந்தார்கள். அதிலிருந்து நான்கடி தள்ளிப் பார்த்தேன்.

திரை கறுப்பாக இருந்தது. மேலே ஒரு முழம் பூ. நெற்றி மாதிரி நடுவில் மூன்று விரல் விபூதி. முன்னால் ஒரு தட்டில் சூடம் எரிந்த கறை. மவுஸ் வயரைச் சுருட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கடிகாரத்தைத் துடைத்து, படத்துக்கு முன்னால் அக்கா வைத்திருந்தாள். சுவரில் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது.

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பதினாறு நாள் சரியாகத் தூங்காத முகம். ஆனால் ஒரு பெரிய காரியத்தைக் குறையில்லாமல் முடித்தவளின் அமைதி அதில் இருந்தது.

“ரெண்டையும் மலையேத்திட்டேன்டா தம்பி” என்றாள். “ஒரு நாளு அணையவிடல. அவ சொன்ன மாதிரியே பாத்துக்கிட்டேன். நீ கரையில முழுகற நேரம் பாத்துத்தான் செஞ்சேன்.”

கருமாதியோடு விளக்கை அணைத்து மலையேற்றுவது முறை. பதினாறு நாளும் ஒரே கையால் இரண்டையும் அணையாமல் காத்தவளுக்கு இது மட்டும் வேறு என்று யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. நாளைக்கு ரிப்பேர்க்காரர் வருகிறார், அதுவரைக்கும் ஆட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் நிம்மதியை நான் மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு வந்தது. பதினாறு நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன். இருட்டுத் திரையில் விபூதிப் பட்டைக்குப் பின்னால் ஒரு மொட்டைத் தாடை ஆள் வாயைப் பிளந்து சிரிப்பது தெரிந்தது. அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

“நான் எதாச்சும் தப்புப் பண்ணிட்டனாடா?”

“இல்லக்கா” என்றேன். “முறைப்படிதான் செஞ்சிருக்க.”

“அப்ப ஏன்டா இப்படி அழுவுற?”

“இன்னைக்குத்தானக்கா அழுவணும்.”

அவள் என் ஈரத்தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டாள். இன்றுவரைக்கும் அவளிடம் நான் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை. அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் இல்லை என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் சொன்னபடி ரிப்பேர்க்காரர் வந்தார். விபூதியையும் பூவையும் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா அடுப்படியில் இருந்தாள், அதனால் மெதுவாகச் சொன்னேன்.

“அடடா. நான் நேத்தே வந்திருக்கணும் சார்.”

“நேத்து வந்திருந்தா தொழில் பாத்த பாவம் உங்களுக்கு வந்திருக்கும்.”

சுவிட்சைப் போட்டார். மிஷின் முனகிக்கொண்டு எழுந்தது. அவள் பேர், அதற்குக் கீழே ஒரு வெள்ளைக் கட்டம். பாஸ்வேர்டு கேட்டது.

“அந்தப் பக்கம் இருக்குமா?” என்றேன்.

“தானா சேவ் ஆகியிருந்தா இருக்கும். இல்லாமலும் போகும். உள்ள போனாத்தான் தெரியும். என்ன போட்டிருப்பாங்க, எதாச்சும் போட்டுப் பாருங்களேன்.”

“மூணு தடவை தப்பாப் போட்டா முடங்கிடுமே.”

“யாரு சொன்னா? இது வீட்டுப் பெட்டி சார். முப்பது தடவை வேணா போடுங்க. ஒண்ணும் ஆவாது.”

மூன்று வருஷம் பயந்திருக்கிறேன். அப்படியே வச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு அவள் உள்ளுக்குள் எத்தனை தடவை சிரித்திருப்பாள்.

முதலில் என் பேரைத் தட்டினேன். ஆசைதான். தப்பு என்றது. கூடவே, தப்பாகப் போட்டதால், கட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன வரி வந்தது. இதுவரை நான் ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்காததால் என் கண்ணில் படாத வரி. பாஸ்வேர்டு வைக்கும்போது, மறந்துபோனால் ஞாபகப்படுத்திக்கொள்ள ஒரு குறிப்பு எழுதி வைக்கச் சொல்லுமாம். ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டி வைத்திருந்தாள்.

‘கேட்டா சொல்லுவேன்.’

ரிப்பேர்க்காரரும் அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உடைச்சு உள்ள போயிடலாம் சார்” என்றார் பிறகு. “பத்து நிமிஷ வேலை. செஞ்சுடவா?”

“இருங்க” என்றேன். “கேட்டுப் பாக்கணும்.”

அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, வேண்டும்போது கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தெருவில் நடவாட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி போயிற்று. அது போகிற வரைக்கும் காத்திருந்தேன்.

“டீச்சர், பாஸ்வேர்டு என்ன டீச்சர்?” என்றேன்.

அடுப்படியில் அக்காவின் பாத்திரச் சத்தம் நின்றது. ஒரு நிமிடம் ஆனதும் பூட்டிய திரை தானாக அணைந்தது. நான் மவுஸை ஆட்டினேன்.